நேர்க்கோட்டின் சமன்பாடு: எங்கே தொடங்குவது, எங்கே தவறுகிறோம்

பத்தாம் வகுப்பில் நேர்க்கோட்டுச் சூத்திரங்கள் நான்கும் எனக்கு மனப்பாடம். சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம், புள்ளி-சாய்வு வடிவம், இரு புள்ளி வடிவம், வெட்டுத்துண்டு வடிவம் என்று வரிசையாக ஒப்பிப்பேன். அரையாண்டுத் தேர்வில் மூன்று புள்ளிகளைக் கொடுத்து, ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வரையும் குத்துக்கோட்டின் சமன்பாட்டைக் கேட்டிருந்தார்கள். நான்கு சூத்திரத்தில் எதைப் போடுவது என்றே தெரியவில்லை. பத்து நிமிடம் அதிலேயே போனது. விடைத்தாள் கைக்கு வந்தபோது, சாய்வு கண்டுபிடித்த வரியில் ஒரு கழித்தல் குறியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த எல்லா வரிகளும் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தன.

பாலிடெக்னிக் முதலாண்டில் இதே பாடம் மறுபடி வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நேர்க்கோட்டுக் கணக்கு எதுவாக இருந்தாலும் தேவைப்படுவது இரண்டே இரண்டு: கோட்டின் மேல் ஒரு புள்ளி, கோட்டின் சாய்வு. கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த இரண்டையும்தான் மறைத்து வைத்திருக்கும். இப்போது அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். நான் தடுமாறிய அதே இடங்களில் அவளும் தடுமாறுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்கு எங்கே படித்தாலும் கணக்குதான் என்பதால் மற்றவர்களுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ஐந்தாவது பாடம், ஆயத்தொலை வடிவியல். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படிப்பவர்களுக்குப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. மற்றவர்கள் பாடநூல் கழக இணையதளத்தில் பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் காசு இல்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், ஸ்கேல், ரப்பர். செலவு அவ்வளவுதான். இந்த ஒரு பாடத்துக்காகத் தனி டியூஷனோ தடிமனான கைடோ தேவையில்லை.

நேரம்? தினம் ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாலைகள் போதும். ஆனால் அதற்கு முன்னால் இந்த மூன்றையும் புத்தகம் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்:

5 − (−3) எவ்வளவு?
−2 − 4 எவ்வளவு?
−6 ஐ −4 ஆல் வகுத்துச் சுருக்கினால் என்ன வரும்?

விடைகள் 8, −6, 3/2. இதில் ஒன்றில் தயங்கினாலும் முதல் மாலை முழுவதையும் குறியெண்களுக்கே கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. என் ஐந்து மதிப்பெண் போனது நேர்க்கோடு தெரியாததால் மட்டும் இல்லை, கழித்தலைக் கழிக்கத் தெரியாததாலும்தான்.

2. கேள்வியைப் படித்ததும் இரண்டு பெட்டி போடுங்கள்

விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக இரண்டு பெட்டி வரைந்து, ஒன்றில் "புள்ளி" என்றும் மற்றதில் "சாய்வு" என்றும் எழுதுங்கள். கேள்வியில் நேரடியாகக் கொடுத்திருப்பதை அந்தந்தப் பெட்டியில் நிரப்புங்கள். காலியாக இருக்கும் பெட்டிதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. இரண்டும் நிரம்பினால் கணக்கு முக்கால்வாசி முடிந்த மாதிரி.

இரண்டு புள்ளி கொடுத்திருந்தால் புள்ளிப் பெட்டி உடனே நிரம்பிவிடும், சாய்வுப் பெட்டி காலி. சாய்வும் ஒய் வெட்டுத்துண்டும் கொடுத்திருந்தால் இரண்டுமே நிரம்பியாயிற்று, ஏனென்றால் ஒய் வெட்டுத்துண்டு 7 என்றால் கோடு (0, 7) என்ற புள்ளி வழியே போகிறது என்று அர்த்தம். வெட்டுத்துண்டு என்ற சொல்லைக் கண்டதும் வேறு ஏதோ சமாச்சாரம் என்று நினைத்து விடாதீர்கள். அதுவும் ஒரு புள்ளிதான், அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும் புள்ளி.

3. சாய்வைக் கண்டுபிடிப்பது

அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்டியிருப்பார்கள். அதற்கு 1:12 என்று ஒரு கணக்கு உண்டு. 12 அடி நீளம் முன்னால் போனால் 1 அடிதான் உயர வேண்டும். அந்தத் தளத்தின் சாய்வு 1/12. உயரத்தை நீளத்தால் வகுப்பதுதான் சாய்வு. உயரம் மேலே, நீளம் கீழே. ஒய் மேலே, எக்ஸ் கீழே. இந்தச் சாய்தளத்தை மனதில் வைத்துக்கொண்டால் எது மேலே எது கீழே என்ற குழப்பம் வராது.

இப்போது ஒரு கணக்கு. (−2, 5), (4, −7) என்ற இரண்டு புள்ளிகளின் வழியே போகும் கோடு.

சூத்திரத்தில் நேராக எண்களைப் போடாதீர்கள். முதலில் புள்ளிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

இரண்டாம் புள்ளி: 4, −7
முதல் புள்ளி: −2, 5

இனி மேலிருப்பதிலிருந்து கீழிருப்பதைக் கழியுங்கள். எக்ஸ் பக்கம் 4 − (−2) = 6. ஒய் பக்கம் −7 − 5 = −12. சாய்வு = −12/6 = −2.

இந்த ஒரு வரியில் மூன்று விதமாக விழலாம். மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதலாவது, அடைப்புக்குறியை விட்டுவிடுவது. 4 − −2 என்று எழுதினால் அவசரத்தில் கண் ஒரு கழித்தலைத்தான் பார்க்கும், 2 என்று வந்துவிடும். குறை எண் எங்கே வந்தாலும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பழகும்வரை கைக்குச் சோம்பலாக இருக்கும், இருந்தாலும் விடாதீர்கள்.

இரண்டாவது, வரிசை மாறுவது. மேலே இரண்டாம் புள்ளியிலிருந்து முதல் புள்ளியைக் கழித்துவிட்டு, கீழே முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் குறி தலைகீழாகிவிடும். எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் சரிதான். ஆனால் மேலும் கீழும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

மூன்றாவது, எக்ஸை மேலே போடுவது. இதற்குத்தான் சாய்தளத்தைச் சொன்னேன்.

சாய்வு கிடைத்ததும் ஒரு நொடி படமாக நினைத்துப் பாருங்கள். இடமிருந்து வலம் போகும்போது கோடு ஏறினால் சாய்வு மிகை, இறங்கினால் குறை. நம் கணக்கில் −2 லிருந்து 4 க்குப் போகும்போது உயரம் 5 லிருந்து −7 க்கு இறங்குகிறது. குறை எண்தான் வர வேண்டும், வந்திருக்கிறது. சரி.

சாய்வை வேறு வழிகளிலும் மறைத்துக் கொடுப்பார்கள். சாய்வுக் கோணம் கொடுத்தால் அதன் டேன் மதிப்பு: 30° க்கு 1/√3, 45° க்கு 1, 60° க்கு √3. "இணையான கோடு" என்றால் அதே சாய்வு. "செங்குத்தான கோடு" என்றால் தலைகீழாக்கிக் குறியை மாற்ற வேண்டும், அதாவது இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் −1 வர வேண்டும். தலைகீழாக்கிவிட்டுக் குறியை மாற்ற மறப்பவர்கள் நிறைய. பெருக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

4. சமன்பாட்டை எழுதுவது

புள்ளி (−2, 5), சாய்வு −2. இரண்டு பெட்டியும் நிரம்பிவிட்டன. இனி புள்ளி-சாய்வு வடிவம் ஒன்றே போதும்:

ஒய் − (புள்ளியின் ஒய்) = சாய்வு × (எக்ஸ் − (புள்ளியின் எக்ஸ்))

எண்களைப் போட்டால்:

ஒய் − 5 = −2 (எக்ஸ் − (−2))
ஒய் − 5 = −2 (எக்ஸ் + 2)
ஒய் − 5 = −2எக்ஸ் − 4
2எக்ஸ் + ஒய் − 1 = 0

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். வெளியே இருக்கும் −2 உள்ளே இருக்கும் இரண்டையுமே பெருக்க வேண்டும். எக்ஸை மட்டும் பெருக்கிவிட்டு 2 ஐ அப்படியே விட்டுவிடுவது அக்கா மகளின் வழக்கமான தவறு. அவளை வெளி எண்ணிலிருந்து உள்ளே இரண்டு அம்புக்குறி போடச் சொன்னேன். அப்புறம் அந்தத் தவறு நின்றுவிட்டது.

சாய்வு பின்னமாக இருந்தால் முதலில் கீழ் எண்ணால் இரண்டு பக்கத்தையும் பெருக்கிப் பின்னத்தை ஒழித்துவிட்டு, பிறகு அடைப்பைப் பிரியுங்கள். பின்னத்தோடு அடைப்பைப் பிரித்தால் வேலை இரட்டிப்பாகும்.

விடையை எந்த வடிவில் எழுதுவது? கேள்வி தனியாக எதுவும் சொல்லவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூச்சியம் விட்டு, பொது வடிவில் எழுதுங்கள். முதலில் வரும் எக்ஸின் கெழு, அதாவது எக்ஸை ஒட்டி முன்னால் நிற்கும் எண், மிகையாக இருந்தால் பார்க்கவும் திருத்தவும் எளிது.

5. இருபது நொடிச் சரிபார்ப்பு

இதைத் தயவுசெய்து விடாதீர்கள். இரண்டு புள்ளிகளையும் விடையில் போட்டுப் பாருங்கள். (−2, 5): −4 + 5 − 1 = 0. (4, −7): 8 − 7 − 1 = 0. இரண்டும் பூச்சியம், விடை சரி.

நீங்கள் கணக்கில் பயன்படுத்திய புள்ளியை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. சாய்வு தவறாக இருந்தாலும் அந்தப் புள்ளி பொருந்திவிடும். பயன்படுத்தாத இரண்டாவது புள்ளிதான் உண்மையைச் சொல்லும். என் அரையாண்டுத் தேர்வில் இந்த இருபது நொடியைச் செலவழித்திருந்தால் அந்தச் சிவப்பு வட்டம் விழுந்திருக்காது.

ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கும் இதே வழிதான். நான்கு சமன்பாடுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்டால், சமன்பாட்டைக் கண்டுபிடிக்க உட்காராமல் புள்ளிகளை ஒவ்வொரு விடையிலும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் மூன்று விடைகள் கழன்றுவிடும்.

6. இணை, செங்குத்து: குறுக்கு வழி

(2, −1) வழியே, 5எக்ஸ் − 2ஒய் + 3 = 0 என்ற கோட்டுக்கு இணையாக ஒரு கோடு வேண்டும். சாய்வு கண்டுபிடித்தும் செய்யலாம். ஆனால் இணை என்றால் எக்ஸ், ஒய் கெழுக்கள் அப்படியே இருக்கும், கடைசி எண் மட்டும் மாறும். அதனால் 5எக்ஸ் − 2ஒய் + கே = 0 என்று எழுதிப் புள்ளியைப் போடுங்கள். 10 + 2 + கே = 0, கே = −12. விடை 5எக்ஸ் − 2ஒய் − 12 = 0.

செங்குத்து என்றால் இரண்டு கெழுக்களையும் இடம் மாற்றி, நடுவில் இருக்கும் குறியை மாற்றுங்கள்: 2எக்ஸ் + 5ஒய் + கே = 0. புள்ளியைப் போட்டால் 4 − 5 + கே = 0, கே = 1. விடை 2எக்ஸ் + 5ஒய் + 1 = 0.

பொது வடிவிலிருந்து சாய்வு எடுக்க வேண்டி வந்தால் எக்ஸின் கெழுவை ஒய்யின் கெழுவால் வகுத்து, முன்னால் ஒரு கழித்தல் போட வேண்டும். அந்த முன் கழித்தலை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். 5எக்ஸ் − 2ஒய் + 3 = 0 இன் சாய்வு 5/2, −5/2 இல்லை. சந்தேகம் வந்தால் ஒய்யைத் தனியே ஒரு பக்கம் கொண்டுவந்து பாருங்கள்.

7. முக்கோணக் கணக்குகள்

ஐந்து மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், பயமும் இங்கேதான். ஒரே முக்கோணத்தை வைத்து மூன்றையும் பார்த்துவிடலாம். முனைகள் ஏ (1, 2), பி (5, 4), சி (3, 8).

முதல் வேலை, கட்டத்தாளில் முக்கோணத்தைச் சின்னதாக வரைவது. மதிப்பெண்ணுக்காக இல்லை, எந்தக் கோட்டைக் கேட்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக.

ஏ யிலிருந்து நடுக்கோடு: அது எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போகும். பிசி யின் நடுப்புள்ளி (4, 6). இப்போது (1, 2), (4, 6) என்று இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. சாய்வு 4/3. ஒய் − 2 = 4/3 (எக்ஸ் − 1). மூன்றால் பெருக்கினால் 3ஒய் − 6 = 4எக்ஸ் − 4. விடை 4எக்ஸ் − 3ஒய் + 2 = 0.

ஏ யிலிருந்து குத்துக்கோடு: புள்ளி ஏ தான், (1, 2). ஆனால் இது பிசி யின் நடுவில் போய் முட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, பிசி க்குச் செங்குத்தாக இருந்தால் போதும். பிசி யின் சாய்வு (8 − 4)/(3 − 5) = 4/(−2) = −2. செங்குத்துச் சாய்வு 1/2. ஒய் − 2 = 1/2 (எக்ஸ் − 1). விடை எக்ஸ் − 2ஒய் + 3 = 0.

பிசி யின் மையக்குத்துக்கோடு: இது பிசி யை நடுவில் செங்குத்தாக வெட்டும். ஏ வழியே போக வேண்டிய அவசியம் இல்லை. புள்ளி (4, 6), சாய்வு அதே 1/2. விடை எக்ஸ் − 2ஒய் + 8 = 0.

கடைசி இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி எண் மட்டும்தான் வேறு. இரண்டு கோடும் பிசி க்குச் செங்குத்து, அதனால் ஒன்றுக்கொன்று இணை. ஒன்று முனை வழியே போகிறது, மற்றது நடுப்புள்ளி வழியே போகிறது. நடுக்கோட்டுக்கு நடுப்புள்ளி மட்டும் வேண்டும், குத்துக்கோட்டுக்குச் செங்குத்துச் சாய்வு மட்டும் வேண்டும், மையக்குத்துக்கோட்டுக்கு இரண்டும் வேண்டும். இதை ஒரு தடவை படம் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது. தேர்வில் நான் விட்டது இதைத்தான். குத்துக்கோடு கேட்டதற்கு நடுப்புள்ளி கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

8. அச்சுகளுக்கு இணையான கோடுகள்

(3, 1), (3, 7) என்று கொடுத்தால் சாய்வின் கீழ்ப்பகுதி பூச்சியமாகிவிடும். சாய்வு 0 என்று எழுதிவிடாதீர்கள், அதை வரையறுக்க முடியாது. கோடு செங்குத்தாக நிற்கிறது, சமன்பாடு எக்ஸ் = 3. (2, 5), (9, 5) என்றால் மேல்பகுதி பூச்சியம், கோடு படுத்திருக்கிறது, சமன்பாடு ஒய் = 5. எக்ஸ் அச்சின் சமன்பாடு ஒய் = 0. இதை மாற்றி எழுதி ஒரு மதிப்பெண்ணை விடுபவர்கள் உண்டு. எக்ஸ் அச்சின் மேல் எங்கே நின்றாலும் உயரம் பூச்சியம் என்று யோசித்தால் போதும்.

9. கதைபோல வரும் கணக்குகள்

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது, ஃபாரன்ஹீட்டில் அது 32. கொதிப்பது 100 டிகிரி செல்சியஸில், ஃபாரன்ஹீட்டில் 212. இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஒரு நேர்க்கோடு. சமன்பாடு என்ன?

இப்படிக் கேட்டால் முதலில் ஒரு வரி எழுதுங்கள்: "எக்ஸ் என்பது செல்சியஸ், ஒய் என்பது ஃபாரன்ஹீட்." இந்த வரி இல்லாமல் தொடங்கினால் பாதியில் எது எது என்று மாறிப்போகும். புள்ளிகள் (0, 32), (100, 212). சாய்வு 180/100 = 9/5. முதல் புள்ளியே ஒய் அச்சின் மேல் இருப்பதால் வெட்டுத்துண்டு 32. சமன்பாடு ஒய் = (9/5)எக்ஸ் + 32.

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இதைக் கையோடு சோதிக்கலாம். 37 ஐப் போடுங்கள். 66.6 + 32 = 98.6. காய்ச்சல் இல்லாத உடம்புக்கு இரண்டு அளவிலும் வழக்கமாகச் சொல்லும் எண்கள் அவை. எக்ஸுக்கு −40 போட்டால் ஒய்யும் −40 வரும், இரண்டு அளவும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் அது ஒன்றுதான். அக்கா மகளுக்கு இந்தப் பாடத்தில் முதன்முதலாக முகம் மலர்ந்தது இந்தக் கணக்கில்தான்.

10. தேர்வு அறையில் நேரம்

வினாத்தாள் 100 மதிப்பெண், விடை எழுத 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2 எழுத வேண்டும். நான் சொல்லும் பங்கீடு: ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, எட்டு மதிப்பெண் இரண்டுக்கும் சேர்த்து 30. மீதி 15 நிமிடம் சரிபார்க்க.

அப்படியென்றால் ஒரு ஐந்து மதிப்பெண் நேர்க்கோட்டுக் கணக்குக்கு 8 நிமிடம். வீட்டில் கடிகாரத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் 15 நிமிடம் ஆகும், பரவாயில்லை. பத்துக் கணக்கு போட்ட பிறகு 6 நிமிடத்துக்கு வந்துவிடும்.

சூத்திரத்தை ஒரு வரியாக எழுதிவிட்டுப் பிறகு எண்களைப் போடுங்கள். கடைசி விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதினால் அதுவும் கிடைக்காது.

11. இன்று மாலைக்கு

இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

(−3, 4), (5, −2) வழியே செல்லும் கோடு.
எக்ஸ் வெட்டுத்துண்டு 4, ஒய் வெட்டுத்துண்டு −6 உள்ள கோடு.
மேலே பார்த்த அதே முக்கோணத்தில், பி யிலிருந்து ஏசி க்கு வரையும் குத்துக்கோடு.

விடைகள்: 3எக்ஸ் + 4ஒய் − 7 = 0; 3எக்ஸ் − 2ஒய் − 12 = 0; எக்ஸ் + 3ஒய் − 17 = 0. வேறு ஏதாவது வந்தால் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். சாய்வு எழுதிய வரிக்குப் போய் அடைப்புக்குறிகளை முதலில் பாருங்கள்.